மாடு மேய்க்கவா பிள்ளையைப் படிப்பித்தேன்?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தில் கோபமும் கவலையும் சரிபாதியாக இருந்தன. உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய மகள், மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்புள்ளி) போதாது என்று தெரிந்த பிறகு, மேய்ச்சல் தரைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள். "மாடு மேய்க்கவா பிள்ளையைப் படிப்பித்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு வியப்பு. உங்கள் அயலில் பட்டி வைத்திருப்பவரிடம், ஐப்பசியில் மாடுகளை எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்; பேச்சில் பாதி முறைப்பாடாக இருக்கும்.

காலபோக (மாரிமழைப் பருவ) நெல் விதைப்புத் தொடங்கினால் வயற்பக்கம் மாடு வரக் கூடாது; காட்டோரம் போக வேண்டும். அங்கே வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த பின் வயலில் தாள் மேயலாம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கி எல்லாம் கருகும்போது, வற்றிவரும் குளத்தின் அலைகரையில், அதாவது நீர் பின்வாங்கிய ஓரத்தில், மட்டும் பச்சை தெரியும். வன்னி மாடுகளின் கோடைச் சாப்பாடு பெரும்பாலும் அதுதான். அந்த அலைகரையையும் யாராவது உழுது பயிர் வைத்துவிட்டால் பட்டி எங்கே போகும்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. மழையும் குளிரும் கொன்றன என்பது உண்மை. ஆனால் வயிறு நிரம்பாமல் மெலிந்த மாடுதான் குளிருக்கு முதலில் விழும். டிசம்பர், வயலெல்லாம் நெல் நிற்க, மாடுகளுக்கு மேய இடம் சுருங்கிப்போகிற மாதம்.

மகள் படிக்க விரும்பும் துறை இந்தக் கணக்கைப் பார்ப்பது. மாட்டைவிட நிலத்தைத்தான் அது முதலில் பார்க்கும். அரை மீற்றருக்கு அரை மீற்றர் சதுரச் சட்டம் ஒன்றைப் புல்லில் போட்டு, அதற்குள் இருப்பதை அடியோடு அரிந்து, கடதாசிப் பையில் கட்டி, உலர்த்தி நிறுப்பார்கள். உலர்ந்த புல் 50 கிராம் வந்தால் ஒரு ஹெக்டேயருக்கு 2,000 கிலோ. (ஒரு சட்டத்தை நம்பி யாரும் கணக்குப் போட மாட்டார்கள், பல இடங்களில் போட்டுச் சராசரி எடுப்பார்கள்.) அதில் பாதியை வேருக்கும் மண்ணுக்கும் விட்டுவிட வேண்டும். மீதி 1,000 கிலோ. இருநூறு கிலோ நிறையுள்ள நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ உலர் தீனி தின்னும். ஆகவே அந்த ஹெக்டேயர் ஒரு மாட்டுக்கு 200 நாள், ஏக்கர்க் கணக்கில் 80 நாள் தாங்கும். அறுபது மாடு விட்டால் ஏக்கர் ஒன்றரை நாள்கூட நிற்காது.

பாதியை விடாமல் மேய்த்தால் நல்ல புல்லின் வேர் சுருங்கும். அந்த இடத்தை மாடு வாய் வைக்காத தகரை, ஆவரசு, எருக்கு பிடித்துக்கொள்ளும். வவுனியாவில் பார்த்தீனியம் பிடித்த தரைகளைக் கண்டிருப்பீர்கள். புதுத் துளிருக்காக ஆண்டுதோறும் நெருப்பு வைத்தால் இலுக்கு மட்டும்தான் கொழுக்கும். பட்டிக்காரருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் மேய்ச்சல் தரை ஒதுக்குவது பற்றிய கூட்டங்களில், இத்தனை மாட்டுக்கு இத்தனை ஏக்கர் தேவை என்று அளந்த வரைபடத்தோடு எழுந்து பேச ஆள் இல்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது என்பதால்தான் உங்கள் மகளின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் மகளிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: மேய்ச்சல் தரை என்ற பெயரில் இங்கே பட்டப்படிப்பு தேட வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தை முதல் விருப்பமாகப் போடட்டும். நான்கு ஆண்டு, கால்நடை விஞ்ஞானத் துறையும் உண்டு. அடுத்தது பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானம். பேராதனையில் விலங்கு விஞ்ஞானமும் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் வன்னித் தரையில் ஆய்வு செய்ய நினைப்பவளுக்குக் கிளிநொச்சி வசதி. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைகளுக்குச் சாதகமானது. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எதுவும் சரிவராவிட்டால் விவசாயப் பாடசாலை டிப்ளோமாவும் கௌரவமான வழி.

எங்கே படித்தாலும் இரண்டு கூடுதல் திறமை வேண்டும்: புற்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, செய்மதிப் படத்தைக் கணினியில் வரைபடமாக்குவது. பின்னதற்கு எந்தத் திணைக்களத்திலும் மதிப்பு உண்டு. மேற்படிப்புக்கு இந்தியாவில் ஜான்சியில் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும் ஜோத்பூரில் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்ததும் உலகின் கவனத்துக்கு ஓர் அடையாளம். அதனால் நாளையே உத்தியோகம் வரும் என்று சொல்ல மாட்டேன்.

வேலைகள் குறைவு. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம், பாற்பண்ணை நிறுவனங்கள், வெளிநாட்டு உதவித் திட்டங்கள் ஆகியவை எல்லாம் சேர்ந்தாலும் வெற்றிடங்கள் அரிது. திட்டவேலை ஒப்பந்த வேலை, நிரந்தரமில்லை. பட்டம் முடிந்து ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டி வரலாம், அதற்கு வீடு தயாராக இருக்க வேண்டும். சிங்களம் எழுதப் பேசத் தெரிந்தால் அந்தக் காத்திருப்பு குறையும், இப்போதே தொடங்கட்டும்.

பெண் பிள்ளை காட்டுக்குள் திரிவதா என்ற உங்கள் கேள்விக்கு: விவசாய பீட வகுப்புகளில் இன்று பெண் பிள்ளைகள்தான் அதிகம், களவேலைக்குக் குழுவாகத்தான் போவார்கள். யானைப் பயம் மட்டும் நியாயமானது. அதற்கு, காலையில் வெளிச்சம் வந்த பிறகு, அந்த இடத்துப் பட்டிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.