ஆண்டுக்கு ஒருமுறை வந்த ஆஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிவியால் நிலைத்த பழைய குடும்பப் படங்கள் பற்றிய உங்கள் பத்தியைப் படித்தேன். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' தியேட்டரில் படுத்துவிட்ட படம், காப்புரிமை காலாவதியானதால் சேனல்கள் இலவசமாகப் போட்டுப் போட்டே புகழ் பெற்றது என்கிறார்கள். சரியா? இன்னொன்று, என்னிடம் உள்ள இங்கிலாந்து டிவிடியில் படம் 98 நிமிடம்தான் ஓடுகிறது. 102 என்றுதான் எங்கும் போட்டிருக்கிறது. நாலு நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு படங்களின் கதை உங்களிடம் ஒன்றாகக் கலந்து வந்திருக்கிறது. இலவசமாக ஓடியது ஆஸ் இல்லை, ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. ஆஸ் நிலைத்ததற்குக் காரணம் நேர் எதிரானது. அதை அவ்வளவு எளிதில் பார்க்க முடியவில்லை.

'படுத்துவிட்டது' என்பது பாதி உண்மை. 1939இல் எம்ஜிஎம் ஸ்டுடியோ அதற்குச் செலவழித்தது சுமார் 28 லட்சம் டாலர். வசூல் 30 லட்சத்தைத் தொட்டது. ஆனால் பிரிண்ட், விளம்பரம், விநியோகச் செலவெல்லாம் சேர்த்தால் கையைக் கடித்த படம்தான். 1949இல் மறுபடி வெளியிட்ட பிறகே லாபக் கணக்குக்கு வந்தது.

அமெரிக்க டிவி நிறுவனமான சிபிஎஸ் அதை முதலில் ஒளிபரப்பியது 1956 நவம்பர் 3, சனிக்கிழமை இரவு 9 மணிக்கு. வழக்கமாக 90 நிமிடம் வரும் ஒரு நிகழ்ச்சியை இரண்டு மணி நேரமாக நீட்டி இடம் கொடுத்தார்கள். படத்தில் சிங்கமாக நடித்த பெர்ட் லாரும், கதாநாயகி டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டின் பத்து வயது மகள் லைசா மினெல்லியும் முன்னுரை சொன்னார்கள். பார்த்தவர்கள் 4.5 கோடி என்று மதிப்பிட்டார்கள். ஆனாலும் ஒன்பது மணி குழந்தைகள் தூங்கும் நேரம். அடுத்த ஒளிபரப்பு 1959 டிசம்பர் 13, ஞாயிறு மாலை 6 மணிக்கு. வழக்கம் உண்மையில் அன்றுதான் தொடங்கியது. பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை. 1968 முதல் 1976 வரை போட்டி நிறுவனமான என்பிசி, மறுபடி 1998 வரை சிபிஎஸ். வீட்டில் வீடியோ கேசட் இல்லாத காலத்தில், அந்த ஒரு மாலையைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

வேடிக்கை என்னவென்றால், தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. கான்சஸ் மாநில வீட்டின் கதவை டோரத்தி திறந்ததும் வண்ணமயமான ஆஸ் நாடு தெரியும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதை எடுத்தது கலர் ஃபிலிமில். கான்சஸ் காட்சிகள் பழுப்பு நிறம் என்பதால் வீட்டின் உட்புறத்துக்கும் பழுப்பு பெயின்ட் அடித்தார்கள். பழுப்பு உடை போட்ட வேறொரு பெண் கதவைத் திறந்துவிட்டு விலகிக்கொள்ள, நீலக் கட்டம் போட்ட உடையில் கார்லண்ட் அதே ஷாட்டுக்குள் நடந்து வருகிறார். இத்தனை பாடும் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் ஒன்றுமில்லாமல் போனது. போதாக்குறைக்கு 1949 பிரிண்டுகளில் கான்சஸ் பகுதியையே வெறும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டிருந்தார்கள். பழுப்பு திரும்பியது 1989இல், ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில்.

காப்ரா படம் 1946இல் வந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 28 ஆண்டு. அதற்குமேல் வேண்டுமென்றால் புதுப்பிக்க வேண்டும். 1974இல் உரிமையாளர்கள் புதுப்பிக்கத் தவறினார்கள். கிறிஸ்துமஸ் கதை, ராயல்டி கிடையாது, விடுவார்களா? சின்னச் சின்ன உள்ளூர் சேனல்கள்கூட கிடைத்த பிரிண்டை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டின. ஆனால் படத்துக்கு மூலமான சிறுகதையின் உரிமை உயிரோடு இருந்தது. மூலக்கதையின் உரிமையாளருக்குப் படத்தின் மீதும் பிடி உண்டு என்று 1990இல் வேறொரு படத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லவே, அதையும் இசை உரிமையையும் வைத்து 1993இல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் மற்றவர்களைத் தடுத்தது. அடுத்த ஆண்டு முதல் அதை ஒளிபரப்பியது என்பிசி மட்டும்.

இனி உங்கள் டிவிடி. வெட்டவில்லை, வேகமாக ஓடுகிறது. சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம். இங்கிலாந்தின் பழைய டிவி முறைக்கு 25. அங்கே 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். 102ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 97.9. அமெரிக்க டிவிக்கு நொடிக்கு 30. அங்கே சில ஃபிரேம்களை இரட்டித்து நிரப்புவதால் நீளம் மாறாது. நம் தூர்தர்ஷனும் 25தான்.

சோதிப்பது சுலபம். யூடியூபில் உள்ள அமெரிக்கப் பதிப்பின் பாட்டு ஒன்றையும் டிவிடியில் உள்ள அதே பாட்டையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டரை நிமிடப் பாட்டு 2 நிமிடம் 24 நொடியில் முடிந்தால் வேகம்தான் காரணம். இப்படி மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். எங்கும் இதே நூற்றுக்கு நான்கு குறைந்தால் ஒரு ஃபிரேமும் போகவில்லை. ஓரிடத்தில் மட்டும் திடீரென்று கூடுதலாகக் குறைந்தால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது. சுருதியை நம்பாதீர்கள். வேகத்தால் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும் என்பது சரி, ஆனால் சில டிஸ்குகளில் அதைத் திருத்தியிருப்பார்கள்.