நூர்புர்க்ரிங் தடத்தை ஏன் 'பச்சை நரகம்' என்கிறார்கள்?

ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927-இல் திறக்கப்பட்ட கார் பந்தயத் தடம் இது. பெயர் வைத்தவர் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டீவர்ட். பச்சை, சுற்றியுள்ள காடு. நரகம், அதன் நீளம்: வடக்குச் சுற்று மட்டுமே சுமார் 20.8 கி.மீ.; ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். ஒரு முனையில் மழை கொட்டும், மறுமுனையில் வெயில் காயும். எந்த டயரைப் போடுவது?

மற்ற தடங்கள் நம் வீட்டு மாடிப்படி போல. இருட்டிலும் கால் பழகிவிடும். இதுவோ பழகாத மலைப்பாதையில் இரவில் இறங்குவது போல. இவ்வளவுக்கும் ஸ்டீவர்ட் 1968-இல் மூடுபனியிலும் மழையிலும் நான்கு நிமிடத்துக்கு மேல் முந்தி வென்றது இங்கேதான்!

1976-இல் பந்தய வீரர் நிகி லாடா இங்கே தீவிபத்தில் சிக்கியதும் தடத்தையே மூடிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தடம் மூடப்படவில்லை; ஃபார்முலா 1 கார் பந்தயம்தான் வடக்குச் சுற்றை விட்டு விலகியது. 24 மணி நேரப் பந்தயம் இன்றும் அங்கே நடக்கிறது, கட்டணம் செலுத்தினால் சொந்தக் காரிலும் சுற்றலாம்.