பதில்: ஜப்பான் டெஸ்க் கிடைக்க வேலைய வுட்டுட்டு ஜப்பானீஸ் படிக்கலாமா?

ப்ரோ, நம்ம சென்னை பாரிஸ் கார்னர்ல, சரக்க கப்பல்ல அனுப்பி வைக்கிற ஃபார்வர்டிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் பாக்குறீங்க, ஜப்பான் கிளையண்ட் டெஸ்க்குக்கு உங்கள வுட்டு ஜூனியர போட்டுட்டாங்க, அதானே? வேலைய மட்டும் வுட்றாதீங்க. நானும் தண்டையார்பேட்டைதான், இதே லைன்தான்.

ஜப்பானீஸ் நல்லதுதான், ஜேஎல்பிடின்ற ஜப்பானீஸ் மொழி எக்ஸாம் சென்னைலயே நடக்குது, சைடுல படிங்க, ஆனா அதுல என்5ன்றது அஞ்சு லெவல்ல அடிமட்டம், அத வெச்சு கிளையண்ட் கால்லாம் பேச முடியாது.

மொதல்ல இன்கோடெர்ம்ஸ் 2020, அதான் சரக்கு விக்கிறவன் வாங்குறவன்ல யாருக்கு எந்த செலவு, எந்த ரிஸ்க்குனு சொல்ற ரூல்ஸ், அதுல இருக்குற 11 டெர்மையும் கரைச்சு குடிங்க. அதுல ஒண்ணு சிஐஎஃப் (காஸ்ட், இன்ஷூரன்ஸ், ஃப்ரெய்ட்), அப்டின்னா சரக்கு அங்க போய் சேர்ற வரைக்கும் ரிஸ்க் விக்கிறவன் தலைலதான்னு சீனியருங்களே நெனச்சினு இருக்காங்க, கிடையவே கிடையாது, ஃப்ரெய்ட்டு (கப்பல் வாடகை) இன்ஷூரன்ஸு ரெண்டும் விக்கிறவன் கட்டுவான், ஆனா இங்க கப்பல்ல ஏத்துனதுமே ரிஸ்க் வாங்குறவனுக்கு போயிடுது, இத ஃபாரின் பார்ட்டிக்கு தடுமாறாம மெயில்ல எழுதுற ஆள் எந்த ஆபீஸ்லயும் கம்மிதான்.

அப்புறம் டைம். ஜப்பான் நம்மளவிட மூணரை மணி நேரம் முன்னாடி, நீங்க மத்தியானம் 3 மணிக்கு மெயில் அனுப்புனா அங்க சாயந்திரம் 6.30. காலைலயே அனுப்பிடுங்க.

ஜூனியர ஏன் எடுத்தாங்கன்னு மேனேஜர் கிட்டயே கேட்டீங்களா? மொழிதான் காரணம்னு நீங்களா முடிவு பண்ண மாதிரி தெரியுது. கேட்டுட்டு வந்து இங்க போடுங்க.