கெட்டபின்பு ஞானி

அன்புள்ள ஐயா,

வேலை போய் எட்டு மாதமாகிறது. தூக்கம் வராத இரவுகளில் கண்ணதாசன் பாடல்கள்தான் துணை. ‘மயக்கமா கலக்கமா’, ‘வீடு வரை உறவு’, ‘ஆறு மனமே ஆறு’ மூன்றும் திரும்பத் திரும்ப ஓடும். எதற்காக வாழ்கிறோம் என்ற கேள்வியே எனக்கு இவற்றின் வழியாகத்தான் வந்தது. நண்பர் சிரிக்கிறார். “சிச்சுவேஷனுக்கு எழுதினதுப்பா. ஒரு பாட்டில் தெய்வம் ஏதுமில்லை என்பார், இன்னொன்றில் ஆண்டவன் கட்டளை என்பார். இதில் போய் தத்துவம் தேடுறியே” என்கிறார். அவர் சொல்வது சரிதானா? இந்தப் பாடல்களை எப்படிக் கேட்க வேண்டும்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த முரண்பாடு. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தின் வரி “நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால் தெய்வம் ஏதுமில்லை”. உங்கள் நண்பர் ‘நடந்துவிட்டால்’ என்பதை விழுங்கிவிட்டார். நினைத்ததெல்லாம் நடப்பதில்லை, அதனால்தான் தெய்வம் என்ற ஒன்று தேவைப்படுகிறது என்பது அதன் பொருள். நாத்திகத்துக்கு நேர் எதிர்.

இந்தத் தவறு அவருடையது மட்டுமல்ல. சினிமாப் பாட்டின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வரும், சரணம் பெரும்பாலும் ஒருமுறையோடு போய்விடும். காதில் தங்குவது பல்லவிதான். கவிஞர் தன் பதிலை வைப்பதோ பெரும்பாலும் சரணத்தில். ‘சுமைதாங்கி’யின் (1962) ‘மயக்கமா கலக்கமா’ பல்லவி முழுக்கக் கேள்விகள்: மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா. மனம் உடைந்திருப்பவர் அந்த நான்கிலேயே நின்று அழுதுவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவார். “நாளைப் பொழுதை இறைவனுக்களித்து” என்ற வரி கடைசிச் சரணத்தில் இருக்கிறது. சென்னையை விட்டே கிளம்பிவிட நினைத்த தன்னை இந்தப் பாட்டுதான் தடுத்து நிறுத்தியது என்று கவிஞர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், ஜெயித்துவிடுவாய் என்று அந்தப் பாட்டு எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. நாளைய கவலையை இறக்கி வை என்கிறது, அவ்வளவுதான். அதே சரணத்தில் வரும் “உனக்கும் கீழே உள்ளவர் கோடி” மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து அடையும் நிம்மதி ரொம்ப நாள் தாங்காது.

சிச்சுவேஷனுக்கு எழுதியது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூழலுக்குள் அவர் கொண்டுவந்து வைத்தது எதை என்று பார்க்க வேண்டும். ‘பாத காணிக்கை’யின் (1962) ‘வீடு வரை உறவு’ பாட்டுக்குப் பக்கத்தில் பட்டினத்தார் பாடலை வையுங்கள்:

அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே விழியம்பு ஒழுக
மெத்திய மாதரும் வீதிமட்டே விம்மிவிம்மி இரு
கைத்தலம் மேல்வைத்து அழும் மைந்தரும் சுடுகாடு மட்டே
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.

(இங்கே அம்பு என்றால் நீர். கண்ணீர் ஒழுக என்று படிக்க வேண்டும்.) வீடு, வீதி, சுடுகாடு என்ற மூன்று நிறுத்தங்களும் இரண்டு பாடல்களிலும் அப்படியே இருக்கின்றன. ‘மட்டே’ என்பது ‘வரை’ ஆகியிருக்கிறது. வீட்டோடு நின்றுவிடுவது அங்கே பொருளும் வாழ்வும், இங்கே உறவு. பெரிய மாற்றம் நான்காவது இடத்தில்தான். கூடவே வருவது எது என்று பட்டினத்தாருக்குத் தெரியும், புண்ணிய பாவம் என்று அடித்துச் சொல்கிறார். கண்ணதாசன் அந்த இடத்தில் வைப்பது “கடைசி வரை யாரோ”. பதில் இருந்த இடத்தில் கேள்வியை வைத்துவிட்டார். வினைப்பயனில் உறுதியான நம்பிக்கை உள்ளவருக்குப் பட்டினத்தார் போதும். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டவருக்கு ‘யாரோ’ சுருக்கென்று தைக்கும். உங்களுக்குத் தைத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பாட்டில் இன்னொரு சரணம். தொட்டிலுக்கு அன்னை, கட்டிலுக்குக் கன்னி, பட்டினிக்குத் தீனி என்று போய் “கெட்டபின்பு ஞானி” என்று முடியும். எல்லாம் போன பிறகு தத்துவம் பேச வருகிறவனைப் பாட்டே கிண்டல் செய்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், எட்டு மாதமாக இந்தப் பாட்டைக் கேட்கும் உங்களையும் அது லேசாகக் குத்துகிறது.

இனி கேட்கும் முறை. வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். இசை ஓடும்போது எழுதாதீர்கள், மெட்டு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு வரி கேட்டு, நிறுத்தி, கையால் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பிழைகள் அதிகம், காதை நம்புங்கள். முழுப் பாட்டையும் எழுதி முடித்ததும் பேசுவது யார், யாரிடம் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். கட்டளை, நிபந்தனை, கேள்வி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இரவு இரண்டு மணிக்கு இதைச் செய்ய வேண்டாம், அந்த நேரத்தில் எந்த வரியும் நமக்காகவே எழுதியது போலத்தான் தெரியும். பகலில் உட்காருங்கள்.

‘ஆறு மனமே ஆறு’ (‘ஆண்டவன் கட்டளை’, 1964) பாட்டிலிருந்து தொடங்கலாம். ‘ஆறு’ மனதைத் தணியச் சொல்லும் ஏவல், எண்ணிக்கையும் கூட. முதல் சரணத்தின் கடைசியில் “இந்த இரண்டு கட்டளை” என்று வரும், இரண்டாவதில் நான்கு என்று, மூன்றாவதில் ஆறு என்று. கணக்கு வைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆறையும் வரிசையாகச் சொல்லுங்கள் என்றால் தடுமாறாதவர் குறைவு. மூன்றாவது சரணத்தில் ஆசை, கோபம், களவு ஒரு பக்கம், அன்பு, நன்றி, கருணை மறுபக்கம். இவற்றில் ஐந்தாவது கட்டளை எது, ஆறாவது எது? எழுதிப் பார்த்து, உங்கள் பட்டியலை அனுப்புங்கள்.