பல்கலைக்கழக நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

இதைக் கேட்டவர் இதோடு இன்னும் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். விரிவுரையாளர் கேட்ட புத்தகம் தட்டுக்கு வர ஏன் மாதக்கணக்காகிறது என்பது ஒன்று. நூலகர்கள் தங்களுக்குள் ஆலோசனை கேட்டுக்கொள்வார்களா என்பது மற்றது. யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்வி நூலகத்தின் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

தீர்மானிப்பவர் ஒருவர் அல்ல. விரிவுரையாளர் படிவம் நிரப்புவார், துறைத்தலைவர் கையெழுத்து வைப்பார், படிவம் எங்களிடம் வரும். ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, அதைக் கடந்த வருடங்களில் யாராவது இரவல் எடுத்தார்களா என்று கோஹா என்ற நூலக மென்பொருளில் தேடிப் பார்ப்போம். ஆசிரியர் பெயர் பாதி, பதிப்பாண்டு இல்லை என்று வரும் படிவங்கள் நிறைய. புத்தகத்தை அடையாளம் காட்டும் சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என்.னைச் சரியாகக் கண்டுபிடிப்பதிலேயே பொழுது போய்விடும். அதற்குப் பிறகு விலைக்கோரல், ஒப்பீடு, குழுவின் அனுமதி, ஓர்டர். பொதி வந்ததும் பில்லோடு சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, பகுப்பெண் இட்டு, முத்திரை குத்தித் தட்டில் வைக்க வேண்டும். அரச பணம் என்பதால் இதில் ஒரு படியையும் தாண்ட முடியாது. கணக்காய்வுக்கு ஒவ்வொரு படிக்கும் தாள் வேண்டும்.

காசு வரும் காலமும் ஒரு சிக்கல். எங்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு காகிதத்தில் இருந்தாலும் கைக்கு வரப் பிந்தும். வந்ததும் ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். கடைசி நேரத்தில் பட்டியல் தேடுகிற நூலகம், விற்பனையாளர் கையில் இருக்கிற புத்தகத்தைத்தான் வாங்கும், தனக்குத் தேவையானதை வாங்காது. அதனால் காசு வருகிறதோ இல்லையோ, முன்னுரிமை குறித்த பட்டியலொன்றை வருடம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியது. ரூபாக் கணக்கில் அதே ஒதுக்கீடு இருந்தவர்களுக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களில் ஏறக்குறையப் பாதிதான் வாங்க முடிந்தது. அன்றிலிருந்து தெற்காசியாவுக்கென்று அச்சாகும் மலிவுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் எந்த மருத்துவ, பொறியியல் பாடநூலுக்கும் ஓர்டர் போடுவதில்லை. தாள் கொஞ்சம் மெலிந்திருக்கும், சிலவற்றில் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருக்கும். உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பிரதி வாங்கும் காசில் மூன்று வாங்கினால், ஒன்றை உசாத்துணைப் பகுதியில் வைத்துவிட்டு இரண்டை இரவலுக்கு விடலாம். தோல் நோய், இழையவியல் போல நிறத்தைப் பார்த்துப் படிக்கவேண்டிய பாடங்களில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

மின் இதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி, உணவு விவசாய நிறுவனம் 2003இல் தொடங்கிய அகோரா போன்ற திட்டங்கள் வருமானம் குறைந்த நாடுகளின் நூலகங்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இதழ்களைத் திறந்துவிடுகின்றன. அவற்றில் கிடைப்பதையே காசு கொடுத்தும் வாங்குகிறோமா என்று முதலில் பாருங்கள். கட்டணத் தரவுத்தளம் எடுத்தால், ஆண்டுக் கட்டணத்தைத் தரவிறக்கப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு விழும் செலவு அப்போது தெரியும். சந்தா நின்ற பிறகும் காசு கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் திறக்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் கொள்வனவு என்றால் என் மனம் எப்போதும் போவது வேறு ஒரு பக்கத்துக்கு. லண்டனில் அச்சான பாடநூலை இந்த வருடம் தவறவிட்டால் அடுத்த வருடம் வாங்கலாம். கரவெட்டியிலோ அளவெட்டியிலோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்த ஊர் வரலாற்றை வெளியீட்டு விழா முடிந்து ஆறு மாதம் கழித்துத் தேடினால் அவர் வீட்டிலேயே இருக்காது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சங்கங்களின் ஆண்டறிக்கை, நாலு இதழோடு நின்றுபோன சஞ்சிகை எல்லாம் அப்படித்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவு மலர்களைப் பலர் நூலகத்துக்குரியது என்றே நினைப்பதில்லை. ஒரு குடும்பத்தின் வம்சவழி, மலாயாவுக்குப் போனவர்களின் விபரம், வேறெங்கும் கிடைக்காத ஊர்ப் படங்கள் என்று சமூக வரலாற்று ஆய்வாளர் தேடுவது பலவும் அதற்குள் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஐ.எஸ்.பி.என். கிடையாது, விற்பனையாளரின் பட்டியலில் வராது, விலைக்கோரலும் கேட்க முடியாது. சட்டப்படி அச்சகங்களிலிருந்து பிரதி பெறும் உரிமை பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு இருக்கிறது. எங்களுக்கு அந்த வழி இல்லை, நாங்கள் தேடித்தான் போக வேண்டும்.

எப்படிப் போவது? பத்திரிகையில் வெளியீட்டு விழா அறிவித்தல் வந்தால் குறித்து வைப்போம், யாராவது ஒருவர் போவார். எழுத்தாளரிடம் பில் புத்தகம் இருக்காது. நூலின் பெயர், பிரதிகள், விலை, திகதி எழுதிக் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டைச் சில்லறைக் கொள்வனவில் ஏற்றுக்கொள்ளலாமா என்று நிதிப்பகுதியோடு முன்கூட்டியே கதைத்து வையுங்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் முந்நூறு ரூபாப் புத்தகம் ஒன்றுக்காக வயதான மனிதரை மூன்று முறை அலைய வைப்பீர்கள். தவறவிட்டவற்றைப் பிடிக்க ஈழத்துத் தமிழ் நூல்களைப் பட்டியலிடும் என். செல்வராஜாவின் 'நூல் தேட்டம்' தொகுதிகள் பெரிய துணை. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் குறிப்புரையோடு இருக்கின்றன, அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பட்டியலில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிடலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தையும் பார்ப்போம். அங்கே ஸ்கான் பிரதி இருந்தாலும் அச்சுப்பிரதி தேடுவதை நான் விடுவதில்லை.

காரணம் இந்த ஊருக்குத் தெரியும். 1981 மே 31 இரவும் அதற்குப் பிறகும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது போனவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் என்று கணக்கிடப்படுகிறது. வேறெங்காவது இன்னொரு பிரதி இருந்தவற்றைத் திரும்ப வாங்க முடிந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்தவை இல்லாமலே போய்விட்டன. ஆகவே உள்ளூர் வெளியீடு எதை வாங்கினாலும் கூடுதல் பிரதி எடுத்து, மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ பேராதனையிலோ உள்ள நூலகத்துக்கு ஒன்று போகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடப் பற்றாக்குறையைச் சொல்லி இதைத் தட்டிக்கழிக்கிற கதையை நான் ஏற்பதில்லை. பழைய பதிப்புப் பாடநூல்களைக் கழித்தாலே இடம் வரும்.

இங்கேதான் நூலகர்கள் தங்களுக்குள் ஆலோசனை கேட்டுக்கொள்வார்களா என்ற கேள்வி வருகிறது. ஆம், கேட்டுக்கொள்வோம், தினமும். கிளிநொச்சியிலிருந்து இளைய உதவி நூலகர் ஒருவர் தொலைபேசி எடுப்பார்: "அக்கா, உந்தப் புத்தகம் உங்களிட்டை எத்தினையாம் எடிஷன் நிக்குது? புதுசு வாங்கினாப் பிரயோசனமோ?" இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்லைத் தம்பி, ரெண்டு அத்தியாயம்தான் மாறினது, பழசே காணும். அந்தக் காசுக்கு வேறை வாங்குங்கோ" என்று சொல்வேன். இந்த இரண்டு நிமிடப் பேச்சில் மிச்சமாகும் காசு எந்த விலைக்கழிவிலும் கிடைக்காது. எந்த விற்பனையாளர் சொன்ன தவணைக்கு அனுப்புகிறார், யார் பழைய பதிப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறார், ஒரே முகவர் மட்டும் விற்கும் நூலுக்கு மூன்று விலைக்கோரல் இல்லாததைக் கணக்காய்வுக்கு எப்படி எழுத்தில் விளக்குவது, கோஹாவில் தமிழ்த் தலைப்பு அகரவரிசையில் குழம்பினால் என்ன செய்வது என்று இதெல்லாம் வட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். 1960இல் உருவான இலங்கை நூலகச் சங்கமும் பல்கலைக்கழக நூலகர்களின் சங்கமும் நடத்தும் அமர்வுகளில் உரைகளைவிடத் தேநீர் நேரத்துப் பேச்சே எனக்குக் கூடுதலாக உதவியிருக்கிறது.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் கட்டடமே இப்படியான ஆலோசனையில் எழுந்ததுதான். 1950களில் அதைத் திட்டமிட்டபோது, இந்தியாவின் நூலகவியல் முன்னோடியும் சீர்காழியில் பிறந்தவருமான எஸ். ஆர். ரங்கநாதனிடம் கேட்டார்கள்.

ஆனால் பகிரக்கூடாதவையும் உண்டு. விலைக்கோரல் முடிவடையும் திகதிக்கு முன்னர் ஒருவர் கொடுத்த விலையை இன்னொரு நூலகத்திடம்கூடச் சொல்லக்கூடாது. தரவுத்தள ஒப்பந்தங்கள் சிலவற்றில் கட்டணத்தை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். வாசகர் யார் எதை இரவல் எடுத்தார் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக்கூடாது.

அன்பளிப்பு பற்றியும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வருவதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனாலும் முதலில் பட்டியல் கேளுங்கள். தனி அலுமாரி வேண்டும், எதையும் கழிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வருவதை ஏற்க வேண்டாம். காலாவதியான கணினிப் புத்தகங்களும் பழைய கலைக்களஞ்சியங்களும் நல்ல மனத்தோடு அனுப்பப்பட்டாலும் மாணவருக்கு உதவாது. அதே நேரம் இறந்துபோன ஆசிரியர் ஒருவரின் வீட்டைத் துப்புரவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பட்டியலுக்குக் காத்திராமல் அன்றே போங்கள். நல்லது பெரும்பாலும் எரிக்க ஒதுக்கிய குவியலில்தான் கிடக்கும்.

கேள்வி கேட்டவர் மாணவராக இருந்தால் ஒன்று செய்யலாம். வேண்டிய புத்தகத்தின் ஆசிரியர், பதிப்பு, ஐ.எஸ்.பி.என்., எந்தப் பாடத்துக்கு என்பதை எழுதி விரிவுரையாளர் மூலம் கொடுங்கள். முழு விபரத்தோடு வரும் படிவம் முன்னால் நகரும். உங்கள் வீட்டில் பழைய நினைவு மலரோ பாடசாலை மலரோ இருந்தால் கொண்டுவாருங்கள். ஒரே பிரதிதான், கொடுக்க மனமில்லை என்றாலும் சொல்லுங்கள், ஸ்கான் செய்துவிட்டுத் திருப்பித் தருவோம்.