சமைக்கும்போது குழந்தையைச் சமையலறைக்குள் விடலாமா?

நாலு வயதுப் பையன் சமையல் நேரத்தில் காலையே சுற்றிச் சுற்றி வருகிறான், சூடு பட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது, கதவைச் சாத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாத்தாதீர்கள். இரண்டு பிள்ளைகளை அடுப்படியிலேயே வைத்து வளர்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவித்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரிப்பது அவள் வேலை. ஒருநாள் உரித்து முடித்த சந்தோஷத்தில், நான் உப்பு எடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் வாணலி விளிம்பைப் பிடித்துவிட்டாள். முதலில் கத்தக்கூட இல்லை, கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள், அப்புறம்தான் அழுகை வெடித்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து விரல்களைத் தண்ணீரில் காட்டினேன். இருபது நிமிடம் காட்ட வேண்டும். அழுகிற பிள்ளையோடு அது எவ்வளவு நீளமான நேரம் தெரியுமா? ஆனால் இதில் மட்டும் குறைக்காதீர்கள். தோலுக்கு அடியில் தங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும், இரண்டு நிமிடம் காட்டி நிறுத்தினால் உள்ளே காயம் ஆழமாகிக்கொண்டே போகும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். ஐஸ் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் தடவக் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்தில் பட்டாலோ, கையிலோ மூட்டிலோ கொப்புளம் கிளம்பினாலோ, காயம் குழந்தையின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ, தண்ணீர் காட்டிய கையோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அவளுக்கு நல்லவேளையாகக் கொப்புளம் வரவில்லை, மறுநாளே சிவப்பு அடங்கிவிட்டது.

சின்னவன் கதை வேறு. காய்ந்த பட்டாணி ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான். விரலை விட்டு எடுக்கப் போனால் இன்னும் உள்ளேதான் தள்ளுவோம். பருப்பு, பட்டாணி மாதிரி காய்ந்த பொருளுக்குத் தண்ணீரும் விடக் கூடாது, ஊறி உப்பிவிடும். மருத்துவர் ஒரு வழி சொன்னார்: அம்மாவோ அப்பாவோ குழந்தையின் வாயில் வாய் வைத்து, அடைபடாத மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, சட்டென்று ஒரு ஊது ஊத வேண்டும். அவர் முன்னாலேயே ஊதினேன், பட்டாணி என் கன்னத்தில் வந்து விழுந்தது. பொத்தான் பேட்டரியைப் போட்டுக்கொண்டால் மட்டும் எதையும் முயன்று பார்க்காமல் உடனே ஓடுங்கள், அது உள்ளே இருந்து சதையை அரித்துவிடும்.

எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். வாணலிக் கைப்பிடி எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும். சூடான டீ, காபியை மேசை ஓரத்தில் வைப்பதில்லை, சின்னக் குழந்தைகளுக்கு அடுப்பை விட இதில்தான் அதிகம் சூடு படுகிறது. பிள்ளைகள் நிற்க அடுப்புக்குத் தள்ளி ஒரு இடம் உண்டு, கையில் எப்போதும் ஒரு வேலை இருக்கும்: முட்டை உரிப்பது, பட்டாணி தோலெடுப்பது, மசிப்பது. வேலை இருக்கிற கை வாணலிக்கு அவ்வளவாகப் போவதில்லை.

உருளைக்கிழங்கு விஷயத்தை முடிக்கவில்லையே. அந்த இருபது நிமிடத்தில் அடுப்பை அணைக்கவே மறந்துபோய், அடிப்பக்கம் கறுத்து மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டது. ரொம்பக் கரிந்ததை ஒதுக்கிவிட்டு மீதியைச் சுரண்டி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிக் கொடுத்தேன், ஈரச் சட்டையோடு மடியில் உட்கார்ந்து இடது கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். இன்றைக்குப் பதின்மூன்று வயது, பிடித்தது என்ன என்று யார் கேட்டாலும் அந்த ஒட்டின உருளைக்கிழங்கைத்தான் சொல்கிறாள். இப்போது அவளே செய்கிறாள், தம்பி பக்கத்தில் நின்று தோல் உரித்துக் கொடுக்கிறான்.