17 இன்ச் அலாய் போட்ட காருக்குக் காற்று எவ்வளவு?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கார் வரும்போது 15 இன்ச் வீல், 185/65 ஆர்15 டயர். இப்போது 17 இன்ச் அலாய் போட்டு 205/45 ஆர்17 மாட்டியிருக்கிறேன். டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. குலுக்கல் அதிகம் என்றதும் டயர் கடைக்காரர் 30 வைக்கச் சொன்னார், நண்பர் 40 என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

30 வேண்டவே வேண்டாம். உங்கள் டயர் எக்ஸ்எல் வகை (கூடுதல் சுமை தாங்கும் டயர், பக்கச்சுவரில் XL என்று போட்டிருக்கும்) என்றால் 38 வையுங்கள், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது அளந்து. எக்ஸ்எல் இல்லை, சாதா டயர்தான் என்றால் எத்தனை வைத்தாலும் சரிவராது, டயரையே மாற்ற வேண்டும்.

காரணம் இதுதான். காரின் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு ரப்பருக்கு இல்லை, உள்ளே இருக்கும் காற்றுக்குத்தான். பழைய டயரில் 65 என்பது 185 மி.மீ. அகலத்தில் 65 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம் 120 மி.மீ. புதியதில் 205 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம், வெறும் 92 மி.மீ. சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டுக்கும் 62 செ.மீ. ஒட்டித்தான் வரும், அதனால் ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. ஆனால் ரிம் பெரிதாகி, காற்றுக்கான இடம் சுருங்கிவிட்டது. அதே எடையைக் குறைந்த இடத்தில் இருக்கும் காற்று தாங்க வேண்டுமென்றால் அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு கூட வேண்டும் என்பதை டயரே சொல்லும். பக்கச்சுவரில் அளவை அடுத்து 84 அல்லது 88 என்று ஓர் எண் இருக்கும், அதுதான் சுமைக் குறியீடு. 88 என்றால் 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. உங்கள் பழைய டயர் பெரும்பாலும் 88 ஆக இருந்திருக்கும். சாதா டயர் என்பதால் அந்த 560 கிலோவை அது 36 பிஎஸ்ஐயிலேயே தாங்கும். எக்ஸ்எல் 88 டயரும் 560 கிலோ தாங்கும், ஆனால் 42 பிஎஸ்ஐ வைத்தால்தான். குறியீடு ஒன்றாக இருப்பதால் காற்றும் ஒன்றுதான் என்று பலரும் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். 33ஐ 42ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் 38.5 வருகிறது இல்லையா, அதுதான் கணக்கு. ஸ்டிக்கரைப் பார்த்து 33 மட்டும் வைத்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் தாங்கும் திறன் சுமார் 60 கிலோ குறைந்துவிடும். குடும்பத்தோடு, டிக்கி நிறைய பெட்டிகளோடு, வெயிலில் நூறில் போகும்போது அந்த 60 கிலோ சின்ன விஷயம் இல்லை: டயர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான்.

84 போட்ட சாதா டயர் என்றால் முழுக் காற்று வைத்தாலும் 500 கிலோதான். பழைய டயர் 33இலேயே 520 வரை தாங்கிக்கொண்டிருந்தது. காற்றைக் கூட்டி இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. அந்த டயரைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது குலுக்கலுக்கு வருவோம். காற்றைக் குறைத்தால் வண்டி மெத்தென்று போகும் என்பது உயரமான டயருக்கு ஓரளவு பொருந்தலாம். 92 மி.மீ. பக்கச்சுவரில் காற்றைக் குறைத்துப் பள்ளத்தில் விட்டால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கும். உள்ளே நூலிழை அறுந்து பக்கத்தில் கொப்புளம் மாதிரி வீங்கும், அதற்கு பங்ச்சர் கடையில் வைத்தியம் கிடையாது, புது டயர்தான். அலாயும் சேர்ந்து வளையும். போதாததற்கு, இந்த வகை டயரில் காற்று குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, 26க்கு இறங்கினாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதனால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்வதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பதுதான் சரி, அல்லது நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பங்க் தூரமாக இருந்தால், வீட்டிலேயே எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். வீட்டில் 34 காட்டியது, நான்கு குறைகிறது. பங்க் போய்ச் சேர்வதற்குள் சூட்டில் 36 காட்டினால் 40 வைக்கச் சொல்லுங்கள். நெடும்பயணத்தில் பாதி வழியில் 42, 43 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் தானாக 38க்கு வந்துவிடும். பக்கச்சுவரில் 51 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தால் அது உச்ச வரம்பு, வைக்கச் சொல்லும் அளவு இல்லை. நைட்ரஜன் போட்டாலும் இதே 38தான்.

38இல் குலுக்கல் இன்னும் கூடத் தெரியும், அதை மறைக்க மாட்டேன். தாங்க முடியவில்லை என்றால் காற்றில் கை வைக்காமல் ரிம்மை 16 இன்ச்சுக்கு இறக்குங்கள். 195/55 ஆர்16, குறியீடு 87, சாதா டயர். பக்கச்சுவர் 107 மி.மீ. கிடைக்கும், விட்டமும் மாறாது, காற்று 34 வைத்தால் போதும். நம் சாலைகளுக்கு என் பரிந்துரை அதுதான்.